குழல் கொட்டகைக்குப் போன ஆதாரப் படம்

நம் ஞான நூலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். ஆனால் புத்தகம் அடுக்குவது, எண் போடுவது, செல் அரிக்காமல் காப்பது பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டேன். அதெல்லாம் நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நான் பாடு பட்டதெல்லாம் மனுஷர்களோடு. அதைத்தான் சொல்ல முடியும்.

நம் நூலகத்துக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? வாசல் பலகையில் என்னவோ ‘ஆன்மிக ஆராய்ச்சி’ என்று பெரிதாகத்தான் எழுதியிருந்தது. விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் வந்து வழி கேட்டால், “மந்திரப் புத்தக வீடா?” என்று கையைக் காட்டுவார்கள். ஐம்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயிற்றுப்பிள்ளைக்காரிகள் நம் வாசலைத் தாண்டாமல் எதிர்ச்சாரியில் ஏறிப் போவார்கள். உள்ளே இருந்ததோ யோகம், தியானம், சித்தாந்தம், உரைநூல்கள், ஆவி உலகத்தைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதிய நாலைந்து தடிப் புத்தகங்கள். பாதிக்கு மேல் யாரும் தொடாமலே பழுத்துப் போனவை.

வந்தவர்களாவது ஒழுங்காக வந்தார்களா? காளை மாட்டைக் காணோம், மை போட்டுப் பார்க்கிற புத்தகம் இருக்கிறதா என்று ஒருவர் வந்தார். பங்காளியின் வாயைக் கட்ட மந்திரம் கேட்டு இன்னொருவர் வந்தார். முதலில் நம் வாயைத்தான் கட்டச் சொல்லியிருக்கிறது என்று அவரிடம் மௌன விரதம் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தேன். மேஜையில் வீசிவிட்டுப் போனார். கமிட்டியில் இரண்டு பேர். சைவ அலமாரி வைணவ அலமாரியைவிட உயரம் என்று நூல் பிடித்து அளந்து சண்டை போட்டார்கள். சனியன் ஒழியட்டும் என்று குட்டை அலமாரிக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிட்டேன். அடுத்த வாரம் மற்றவர் வந்து குனிந்து செங்கலை எண்ணிக்கொண்டிருக்கிறார்! இரண்டு அலமாரியிலிருந்தும் ஒரு புத்தகத்தை அவர்கள் எடுத்துப் படித்து நான் பார்த்ததில்லை.

நான் குளித்து, விபூதி பூசி, மாரியம்மனைக் கும்பிடாமல் ஒரு நாளும் நூலகக் கதவைத் திறந்ததில்லை. சாமியை நம்புகிறவன். அதனால்தான் இவர்களிடம் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. இது ஏன் முக்கியம் என்று போகப் போகத் தெரியும்.

அப்போது இருந்த செயலாளர் கெட்டவர் இல்லை. பெயர் வேண்டாம். இடம் காலியாகக் கிடந்தால்தான் அவருக்கு மூச்சு வரும், அவ்வளவுதான். நூலகத்துக்குப் புத்தகம் வருவதே அவருக்குப் பிடிக்காது. பக்தியுள்ள மளிகை வியாபாரி ஒருவர், தம் குருவின் நினைவாக ஒரு சிறு நூலைச் சொந்தச் செலவில் அச்சடித்து, மூட்டை மூட்டையாக நம்மிடம் இறக்கிவிட்டுப் போயிருந்தார். உடம்பில் உள்ள ஆறு ஆதாரங்களைப் பற்றிய நூல். யோகத்தில் மனசை நிறுத்துகிற ஆறு இடங்களுக்கு ஆதாரம் என்று பெயர். எல்லாருக்கும் இலவசம். இலவசமாகக் கொடுத்தும் ஒருத்தர் எடுக்கவில்லை. எல்லாப் பிரதியிலும் நம் நூலக முத்திரையைக் குத்தி வைத்ததுதான் மிச்சம்.

ஒரு புரட்டாசி மாதம், ஆண்டு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. நான் சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் கூடம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

“எங்க ஐயா மூட்டையெல்லாம்?”

“போயிருச்சுய்யா. எம்புட்டு விசாலமா இருக்கு பாரு.”

“எங்க போச்சு?”

“சிவகாசிக்கு. பழைய பேப்பர்காரன் வந்தான், லோடு ஏத்திட்டுப் போயிட்டான்.”

“சாமி காரியம் எழுதின காகிதம் ஐயா! பட்டாசுக்குல்ல சுருட்டுவாக?”

“வாசிக்க ஒருத்தன் வந்தானாய்யா? வெடிக்கவாவது ஆகட்டும்.”

பட்டாசு என்றால் மருந்து மட்டும் இல்லை. மருந்தை அடைக்கிற குழல் பழைய காகிதம்தான். ஊர் உலகத்துப் பத்திரிகை, பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கடைசியில் சிவகாசியில் குழலாகச் சுருண்டு தீபாவளிக்கு வெடிக்கும். மருந்து இருக்கிற இடத்திலிருந்து எட்டத்தில் கொட்டகை போட்டு, பெண்கள் காகிதத்தை வெட்டிப் பசை தடவிச் சுருட்டுவார்கள். நம் ஆதாரங்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. நான் இரண்டு நாள் செயலாளரோடு பேசவில்லை. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

சில நாள் கழித்து ஒரு ஆள் வேர்த்து விறுவிறுத்து நூலகத்துக்குள் வந்தார். விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர். கையில் நம் சிறு நூல் ஒன்று. முத்திரையைச் சுட்டிக் காட்டினார்.

“அண்ணாச்சி, இந்தச் சீல் உங்களுதுதான?”

“ஆமா.”

“நல்லா இருப்பீக. நாலு நாளா எங்கொட்டகையில ஒரு கை ஆடல. தீபாவளி சீசன், ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. பொம்பளைக ஒருத்தியும் இந்தப் பேப்பரத் தொட மாட்டேங்குறாக. வேற பேப்பரும் இப்பக் கெடைக்காது. இது செய்வினைப் புத்தகமாம்ல?”

“யார் சொன்னா?”

அவர் புத்தகத்தைப் பிரித்து நடுவில் இருந்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பிள்ளைகளே, அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். பத்மாசனத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவர். அடிவயிற்றிலிருந்து புருவ மத்தி வரைக்கும் ஆறு இடத்தில் சின்னச் சின்ன வட்டம். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு கோடு கிளம்பி ஓரத்தில் இருக்கும் எழுத்துக்குப் போகும். அன்றைக்குத்தான் அந்தப் பெண்களின் கண்ணால் அதைப் பார்த்தேன். பொம்மை செய்து, உடம்பெல்லாம் ஊசி குத்தி வைத்தது போல, அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது.

மீதியை அவர் சொன்னார். கொட்டகையில் சுப்புத்தாயி என்று ஒரு பெண். புருஷன் இல்லை. ஒரே பெண் குழந்தை, நாலு வயசு இருக்கும். அவள் கவனிக்காமல் தாளை வெட்டும்போது கத்தரி அந்தப் படத்தின் கழுத்தில் இடது பக்கமாக ஓடிவிட்டது. அன்று சாயங்காலமே அவள் குழந்தைக்குக் கழுத்தில் இடது பக்கம் வீங்கிவிட்டது. படத்தில் வெட்டு விழுந்த பக்கம். உடுக்கடித்துக் குறி சொல்கிற கோடாங்கி ஒருவரைக் கூட்டி வந்து கேட்டிருக்கிறார்கள். வெட்டின தோஷம் பிள்ளை கழுத்தில் இறங்கியிருக்கிறது, கம்பியைக் காய்ச்சிச் சூடு போட்டால்தான் விடும் என்று சொல்லிவிட்டார்.

“எப்போ சூடு?”

“இன்னைக்குப் பொழுது சாய வர்றாரு.”

நான் மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “நூலகத்த யாருய்யா பார்த்துக்கிடுறது?” என்று செயலாளர் கத்தினார். “இடம்தான் விசாலமா இருக்கே, நீங்களே உக்காருங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வேலையில் நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

சிவகாசி பஸ்ஸில் முதலாளி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“அண்ணாச்சி, விளக்கம் கிளக்கமெல்லாம் வேண்டாம். நீங்க மந்திரப் புத்தக வீட்டுக்காரரு. நெத்தி நெறைய விபூதி வேற. ரெண்டு வார்த்தைய முணுமுணுத்து, பிள்ளைக்குத் துன்னூறப் போட்டு, கட்ட அவுத்துட்டேன்னு சொல்லிருங்க. சோலி முடிஞ்சது. நாளைக்கே எங்கொட்டகை ஓடும்.”

நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், திருத்தங்கல் தாண்டுகிற வரைக்கும் யோசித்தேன். ஒரு குழந்தையின் கழுத்தில் காய்ச்சின கம்பி படாமல் இருக்கும் என்றால் ஒரு பொய் சொன்னால்தான் என்ன? மாரியம்மன் கோபிக்கவா போகிறாள்? ஆனால் நான் ஒரு கட்டை அவிழ்த்தேன் என்றால், அங்கே ஒரு கட்டு இருந்தது என்று ஆகிவிடும். இந்த வீக்கம் போகும். அடுத்த மாசம் அந்த ஊரில் எவனுக்காவது காலில் முள் குத்தினால்கூட, வெட்டினவள் சுப்புத்தாயிதானே என்று அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்போது அவிழ்க்க நான் போக வேண்டும். சாகும் வரைக்கும் அவள் அந்தப் படத்தை வெட்டினவளாகவே இருப்பாள்.

“விபூதி அம்மனோடது தம்பி” என்றேன். “பொய்க்கு அதைத் தொட மாட்டேன்.”

“அப்பம் சூடு போடட்டும்கிறீகளா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நம் புத்தகக் கட்டுகள் உள்ளே ஒரு மூலையில், மேலே வேப்பிலைக் கொத்தோடு. எல்லாருக்கும் மூத்தவள் பேச்சியம்மா. வெற்றிலை போட்ட வாய், இடுப்பில் கத்தரி. அவள் சொன்னால்தான் மற்றவர்கள் கை அசையும்.

இங்கேதான் நான் முதல் தப்புச் செய்தேன். பிள்ளையைப் போய்ப் பார்க்காமல், பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

“இது யோகம்மா. நம்ம உடம்புல ஆறு இடம் இருக்கு...”

“ஆறு எடத்துல ஆணி அடிச்சிருக்குன்னுதான் நாங்களும் சொல்றோம்” என்றாள் பேச்சியம்மா.

“ஆணி இல்ல. கோடு.”

“கோடு எதுக்கு ஒடம்புக்குள்ள போகுது?”

“உள்ள போகல தாயி, வெளிய வருது. பேர் எழுதுறதுக்காக வெளிய இழுத்திருக்காக.”

“ஊசியும் அப்படித்தான் அய்யா. ஒரு முனை வெளியதான் இருக்கும்.”

எனக்குத் தலை சூடாகிவிட்டது. “சரி, இந்த மனுஷன் மூஞ்சியப் பாருங்க. நோவெடுக்கிறவன் மாதிரியா இருக்கான்? கண்ண மூடி எம்புட்டு நிம்மதியா இருக்கான்!”

“செத்தவனும் கண்ண மூடி நிம்மதியாத்தான் இருப்பான்.”

மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி எனக்குப் பின்னால் நின்று, “நான் அப்பமே சொன்னேன், துன்னூறப் போடுங்கன்னு” என்று முனகினார். வருஷக் கணக்காக அந்தப் புத்தகங்களோடு இருந்தவன் நான். வேப்பமரத்தடியில் ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

“பிள்ளை எங்க?” என்று கேட்டேன். அதை வந்தவுடன் கேட்டிருக்க வேண்டும்.

சுப்புத்தாயியின் வீடு தெருக்கடைசியில். அவள் வாசலில் வந்து நின்று, “உள்ள வராதீக அய்யா, உங்களுக்கும் ஒட்டிரும்” என்றாள். ஊரார் அவளைக் கிணற்றுப் பக்கம் வர விடவில்லை. குடம் காலியாக வாசலில் கிடந்தது. உள்ளே சாக்கை விரித்துக் குழந்தை படுத்திருந்தது. தலைமாட்டில் வேப்பிலை. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து ஒரு இரும்புக் கம்பி, துடைத்துத் தயாராக.

நான் உள்ளே போய்க் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். காதுக்குக் கீழே இடது பக்கம் உருண்டையாக வீக்கம். லேசாகக் காய்ச்சல். வாயைத் திறக்கச் சொன்னால் வலிக்கிறது என்று சிணுங்கியது.

“இது பொன்னுக்கு வீங்கி தாயி!” என்றேன். “ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு வர்றதுதான். தானா வடியும்.”

வாசலில் வந்து நின்ற பேச்சியம்மா விடவில்லை. “பொன்னுக்கு வீங்கி எங்களுக்குத் தெரியாதா? அது ரெண்டு பக்கமும் வீங்கும். இது வெட்டுன பக்கம் மட்டும்ல வீங்கியிருக்கு?”

“மொதல்ல ஒரு பக்கம் வரும், அப்புறம் அந்தப் பக்கமும் வரும்.”

“நாலு நாளாச்சு, வரலையே. நீங்க புத்தகம் பாத்துச் சொல்றீக. நான் புள்ள வளத்துச் சொல்றேன்.”

“அப்ப சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம், வாங்க. டாக்டர் சொல்லட்டும்.”

“செய்வினையில ஊசி பட்டா உசுர் தங்காது” என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன.

சுப்புத்தாயி மட்டும் சண்டை போடவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள். “அய்யா, நான் படம்னு பாக்கல. கை பாட்டுக்கு வெட்டிட்டுப் போயிருச்சு. வெட்டுனது நான். எனக்கு வரட்டும்னு எல்லாச் சாமிகிட்டயும் கேட்டுட்டேன். ஏன் அய்யா அது பிள்ளைகிட்டப் போகுது? கம்பி போட்டா விட்டுரும்ல? நல்லாச் சொல்லுங்க, விட்டுரும்ல?”

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது?

பின்னால் முதலாளி மறுபடியும், “அண்ணாச்சி, துன்னூறு” என்றார். அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. இடம் விசாலமாக வேண்டும் என்று மூட்டையை ஏற்றி அனுப்பினவர் மேலா, கம்பியைக் காய்ச்சச் சொன்ன கோடாங்கி மேலா, எதைச் சொன்னாலும் மடக்குகிற பேச்சியம்மா மேலா, வாயிருந்தும் ஒரு வார்த்தை பலிக்காத என் மேலேயா! பேச்சியம்மா இடுப்பிலிருந்த கத்தரியை உருவினேன். முதலாளி கையில் இருந்த புத்தகத்தைப் பிடுங்கினேன். படத்தைப் பிரித்து, கழுத்தில், அதே இடது பக்கத்தில், எல்லாரும் பார்க்க ஒரு வெட்டு வெட்டினேன்.

“எனக்கும் வீட்டில ஒரு பொண்ணு இருக்கா. வெட்டுனா வரும்னா அவளுக்கும் வரட்டும். நானும் வெட்டிட்டேன்ல? எனக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு அப்புறம் இந்தப் புள்ளைக்குச் சூடு போடுங்க!”

பேச்சியம்மாவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது.

“வாயக் களுவுங்க அய்யா” என்றாள் மெதுவாக. “பெத்த புள்ளையப் போயி...”

இதை யாரும் வீரம் என்று எண்ணிவிட வேண்டாம். பொறுமை இழந்த ஒருவன் செய்த காரியம், அவ்வளவுதான். நூலகக்காரன் புத்தகத்தை வெட்டலாமா? அதுவும் சாமியைத் தியானிக்கிற படத்தை? பெற்ற பிள்ளையைப் பணயம் வைக்கலாமா? கூடாது. ஆனால் விளக்கத்தால் நடக்காதது அந்த வெட்டால் நடந்தது. இப்போது வெட்டினவள் சுப்புத்தாயி மட்டும் இல்லை. ஊருக்குள் அவளோடு சேர்த்து இன்னொரு ஆளும் இருக்கிறான். அதை முதலில் உணர்ந்தது பேச்சியம்மாதான். கொஞ்ச நேரம் என்னையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏலே, யாரும் இருக்கீகளா? கோடாங்கி வீட்டுக்கு ஓடி, இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்குப் பாத்துக்கிடலாம்.” பிறகு என்னிடம், “ஒங்களுக்காக இல்ல. ஒங்க வீட்டுப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சுன்னுதான்” என்றாள். காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே கிணற்றுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. “ஒங்க வாய்க்கு வேற ஆளே கெடைக்கலையா?” அதற்குப் பிறகு சோறு போட்டாளே தவிரப் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். இறங்கும் இடத்திலேயே சுப்புத்தாயி நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“அய்யா, அந்தப் பக்கமும் வீங்கிருச்சு அய்யா! இங்கன பாருங்க, ரெண்டு பக்கமும்!”

பிள்ளைக்குக் கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பி, கண் உள்ளே போய்விட்டது. வலியில் அது அழுகிறது. தாய் சிரிக்கிறாள். பிள்ளைக்கு நோய் கூடினதற்கு ஒரு தாய் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அன்று பொழுது ஏறுவதற்குள் அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கும் வீங்கியது. அவர்கள் வீட்டில் யாரும் எந்தப் படத்தையும் வெட்டவில்லை. மூன்றாவதாகப் பேச்சியம்மாவின் பேரனுக்கு. அவள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள். “சரி, பொன்னுக்கு வீங்கிதான். இப்பம் களுத்துல போட ஊருக்குள்ள பொட்டுத் தங்கம் இருக்கா?”

முதலாளி தன் மனைவியின் சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சங்கிலி பிள்ளைக்குப் பிள்ளை கழுத்து மாறிச் சுற்றியது. தங்கத்தால் வீக்கம் வடியாது என்று அங்கே நின்று நான் விளக்கவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. தங்கம் யாரையும் சுடாதே.

மிச்சம் ஒரு வழக்கு இருந்தது. புத்தகத்தை எல்லாம் திருப்பி ஏற்றிக்கொண்டு போகத்தான் எனக்கு ஆசை. ஏற்றினால் கொட்டகைக்குக் காகிதம் இல்லை. தீபாவளி நேரத்தில் அத்தனை பெண்களுக்கும் வேலை இல்லை. அம்மனை நினைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். கொட்டகையில் உட்கார்ந்து எல்லாப் பிரதியிலிருந்தும் படத் தாளை மட்டும் பிரித்தெடுத்து, நான் வெட்டினதையும் சேர்த்துத் துணியில் கட்டி நூலகத்துக்குக் கொண்டுவந்தேன். எழுத்துத் தாள்களை அவர்கள் சுருட்டினார்கள். சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். படத்தோடு வந்த என்னைப் பார்த்துச் செயலாளர், “மறுபடியும் கொண்டாந்துட்டியா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஐப்பசி பிறந்து தீபாவளிக்குத் துணி எடுத்து வந்த மறுநாள், என் மகளுக்குக் கழுத்து வீங்கியது. இடது பக்கம்.

என் மனைவி பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “நீங்க வெட்டுனது எந்தப் பக்கம்?”

“இது பொன்னுக்கு வீங்கி” என்றேன். “நான் அந்தப் பிள்ளையத் தொட்டேன், அங்கேயிருந்து ஒட்டிட்டு வந்திருக்கு.”

“எந்தப் பக்கம்னு கேட்டேன்.”

பேச்சியம்மாவிடம் சொன்ன நியாயமெல்லாம் எனக்கு நினைவில்தான் இருந்தது. ஒன்று கூட நெஞ்சுக்குள் இறங்கவில்லை. வேப்பமரத்தடியில் அந்தப் பெண்களை எப்படி வைதேன் மனசுக்குள்! இப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? நூலகத்துக்குப் போய், வெட்டின அந்தத் தாளைத் தேடி எடுத்து, பின்பக்கம் மெல்லிய காகிதம் கொடுத்து வெட்டை ஒட்டினேன். கிழிந்த தாளை ஒட்டுவது நம் வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டி முடித்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது என்ன பைண்டிங் வேலையா?

பயந்த மனுஷனிடம் புத்தகத்தை விளக்காதீர்கள், பிள்ளைகளே. அவன் முட்டாள் என்பதனால் அல்ல. அவன் காது அடைத்திருக்கிறது. என் காதே அடைத்திருந்தது. முதலில் அவன் வீட்டுக்குப் போய் அவன் பிள்ளையைப் பாருங்கள். அவன் தனியாக நிற்காதபடி பக்கத்தில் போய் நில்லுங்கள். நம் நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பயத்தோடுதான் வருகிறார்கள். காளையைத் தொலைத்தவரும் வாயைக் கட்ட வந்தவரும்கூட அப்படித்தான் வந்திருப்பார்களோ என்று அன்றைக்கு முதன்முதலாகத் தோன்றியது. அவர்களிடம் நான் கேலி பேசி அனுப்பியிருந்தேன்.

மகளுக்கு வீங்கிய அடுத்த நாள் மத்தியானம் வாசலில் ஒரு குரல். “மந்திரப் புத்தக வீட்டுக்கார அய்யா வீடு இதுதான?”

சுப்புத்தாயி. தீபாவளிக்குச் சாமான் வாங்க விருதுநகர் பஜாருக்கு வந்தவள், வழி விசாரித்து வந்திருந்தாள். பிள்ளை வீக்கம் வடிந்து பழைய முகமாகி, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே பார்த்தவள், என் மகள் துண்டைத் தாடையோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

“ஆத்தாடி! எங்க வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்துட்டீகளா அய்யா?” என்று சிரித்துவிட்டாள்.

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “இவரு வெட்டுன பக்கந்தாம்மா வீங்கியிருக்கு” என்றாள்.

சுப்புத்தாயி சிரிப்பை நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, எம்மவளுக்கு அப்புறம் எங்கூர்ல எம்புட்டுப் புள்ளைகளுக்கு வந்துச்சு. சிலதுக்கு இந்தப் பக்கம், சிலதுக்கு அந்தப் பக்கம். அதுகளும் வெட்டுச்சா? நானும் ஒங்கள மாதிரித்தான் அந்தக் கம்பியவே பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். சாப்பிட்டீகளா மொதல்ல?”

என் மனைவி தலையை ஆட்டினாள். இல்லை என்று. சுப்புத்தாயி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள், ஏதோ தன் வீடு மாதிரி.

இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். பிள்ளைகள் இரண்டும் வாழைப்பழத்துக்குச் சண்டை போட்டன. அப்போது சுப்புத்தாயி என்னிடம் திரும்பினாள்.

“அய்யா, அன்னைக்கு அந்தப் படத்தப் பத்தி என்னமோ சொன்னீகளாம். பேச்சியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நான் அங்கன இல்ல. வீட்டுல சொல்லியிருந்தாலும் எங்காதுல விளுந்திருக்காது. இப்பம் சொல்லுங்க. களுத்துல இருக்கிறது என்னது?”

நான் வீட்டில் வைத்திருந்த படத்தாள் ஒன்றை எடுத்து வந்து தரையில் விரித்தேன். கழுத்து ஆகாயத்துக்கு உரிய இடம் என்றும், சொல் பிறக்கிற இடம் என்றும், அங்கே மனசை நிறுத்தினால் வாய் அடங்கும் என்று பெரியவர்கள் எழுதியிருப்பதாகவும் சொன்னேன்.

“அப்ப இதுகளுக்கு அங்கனதான் மொதல்ல நிறுத்தணும்” என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள். என் மனைவி சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு.

“சரி, நெஞ்சுல?”

சொன்னேன்.

“வயித்துல?”

அதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்து கடைசி வட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். மளிகை வியாபாரி அச்சடித்துக் கொடுத்த அந்த நூலைப் பற்றி ஒரு மனுஷப் பிறவி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

நூலகத்தை அன்று வெகு தாமதமாகத்தான் திறக்கப் போனேன். செயலாளர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கய்யா போயிட்ட? எம்புட்டு நேரமா நிக்கிறேன்?”

“ஆதார நூலைப் பத்திக் கேக்க ஒரு வாசகர் வீட்டுக்கு வந்திருந்தாக ஐயா. பேசிட்டு இருந்ததுல நேரம் போயிருச்சு.”

“அந்த நூலுக்கா?” அவர் நம்பவில்லை. “எந்த ஊருப் பண்டிதரு?”

“விஸ்வநத்தம் பக்கம்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தேன்.